ஏன் என்று கேட்ட ஏடுகள்



நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்தளிக்குமாறு பொறுப்பாளர்கள் நம்மைப் பணித்தனர். எதைப் பற்றி எழுதுவது என்று எண்ணியபோது, சில திங்களுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது.

சங்கத்தின் படிப்பகத்திற்கு நூல்கள் வாங்குவது குறித்துச் செயற்குழு கூடியது. போட்டித் தேர்வு நூல்களை வாங்க எவரும் மறுப்புக் கூறவில்லை. சமயங்களை ஆராயும் நூல்களையும் பகுத்தறிவு நூல்களையும் வாங்கலாமா என்ற இடத்தில் பேச்சுத் தடைப்பட்டது. "நம்மில் மாரியம்மனை வணங்குவோர் உண்டு, தேவாலயம் செல்வோர் உண்டு, பௌத்தம் தழுவியோரும் உண்டு. எவர் மனமும் புண்படலாகாதே!" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அவருடைய கவலையில் நியாயம் இருந்தது. செய்தி வெளியே பரவியது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் பயிலும் நம் தெரு மாணவி ஒருத்தி, மறுநாள் நம்மிடம் வந்து, "ஐயா, சாமி கும்பிடுகிற நான் அந்தப் புத்தகங்களையெல்லாம் படிக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

அன்று சுருக்கமாக விடை கூறினோம். விரிவான விடை நம் முன்னோரின் வரலாற்றில் இருக்கிறது. அதனை இங்கே எழுத முற்படுகின்றோம்.

எழுத்தும் நாமும்

திருப்பூரில் நூல் என்றால் விலை ஏறி இறங்கும் பருத்தி நூலே முதலில் நினைவுக்கு வரும். படிக்கும் ஏட்டிற்கும் தமிழில் அதே பெயர்தான். முதல் நூலைக் காலமெல்லாம் கையாண்ட நம் மக்களுக்கு இரண்டாம் நூல் நெடுங்காலம் மறுக்கப்பட்டது. வேதம் ஓதும் உரிமை சூத்திரருக்கு இல்லை என்று தரும சாத்திரங்கள் விதித்தன. அவ்வரிசைக்கும் புறத்தே தள்ளப்பட்டவர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இது பழங்கதை என்று எவரும் எண்ண வேண்டா. 1980ஆம் ஆண்டை ஒட்டி நாம் சிறுவராய் இருந்தபோது, நம் ஊர் வாசகசாலை ஊர்த்தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தது. நம் தெருப் பிள்ளைகள் திண்ணையில் ஏறுவதில்லை. கீழே நின்றபடியே, மேலே அமர்ந்திருப்பவர் விரித்துப் பிடித்த நாளிதழின் பின்பக்கத்தைப் படிப்போம். அவர் தாளைத் திருப்பினால் நாம் படித்த செய்தி பாதியில் நின்றுவிடும். அந்தப் பாதிச் செய்திகளே நமக்குப் படிப்பின் மீது தீராத பசியை உண்டாக்கின.

எழுத்து மறுக்கப்பட்டவன் எழுத்தைக் கற்றவுடன் முதலில் கேட்கும் கேள்வி எது? "நம்மைத் தாழ்ந்தவர் என்று எழுதியவர் யார்? அதற்கு என்ன சான்று?" என்பதே. சமயத்தை ஆராயும் நூல்கள் தமிழகத்தில் பிறந்ததற்கு இக்கேள்வி ஒரு பெருங் காரணமாகும்.

சென்னையில் எழுந்த முதற்குரல்

இக்கேள்வி தந்தை பெரியார் காலத்தில்தான் தோன்றியது என்று பலர் கருதுகின்றனர். அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சென்னை இலௌகிக சங்கம் என்னும் அமைப்பு இயங்கியது. இலௌகிகம் என்றால் உலகியல். மறுமையைப் பற்றிய ஊகங்களை விடுத்து, இம்மையில் மனிதன் நன்றாக வாழும் வழியைத் தேடுவதே அதன் நோக்கம். 1882 முதல் 1888 வரை 'தத்துவவிவேசினி' என்ற தமிழ் இதழையும் 'திங்கர்' என்ற ஆங்கில இதழையும் அச்சங்கத்தார் நடத்தினர். இலண்டனில் சார்லஸ் பிராட்லா 1866இல் தொடங்கிய தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தின் கருத்துகள் கப்பலேறி வந்து இங்கே தமிழில் விவாதிக்கப்பட்டன.

அதே 1882ஆம் ஆண்டில் அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் 'இந்துமத ஆசார ஆபாச தரிசினி' என்ற நூலை வெளியிட்டார். செங்கற்பட்டுப் பகுதியில் நிலம் இழந்த குடியானவர்களின் உரிமைக்காகவும் எழுதியவர் அவர். நிலத்தைப் பறித்தவர் யார் என்று கேட்டவரே சாத்திரத்தை எழுதியவர் யார் என்றும் கேட்டார். இரு கேள்விகளும் ஒரே நெஞ்சில் பிறந்தன என்பதை இளைஞர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

பண்டிதரின் ஒரு பைசாத் தாள்

அடுத்து நாம் காண வேண்டியவர் நம் சமுதாயம் ஈன்ற பெரும் பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914). பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தம் ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். சித்த மருத்துவர், தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றையும் அறிந்தவர். நம் கொங்கு நாட்டை அடுத்த நீலகிரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பணிபுரிந்தவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைப் பாட்டனார் அவரிடம் கொடுக்க, அது எல்லீஸ் துரையின் கைக்குச் சென்றதாகப் பண்டிதரே எழுதியுள்ளார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு வீட்டில் குறள் ஏடு காக்கப்பட்டிருந்தது என்பதை அவர் பெருமையோடு பதிவு செய்தார்.

1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் நடந்ததையும் அவர் எழுதிச் சென்றுள்ளார். சிவன், திருமால் கோயில்களில் நம் மக்களை ஏன் அனுமதிப்பதில்லை என்று அவர் கேட்டார். உங்களுக்கு மதுரைவீரன், கருப்பண்ணன் முதலிய சாமிகள் இருக்கின்றன, சிவனும் திருமாலும் உங்களுக்கு உரியவர் அல்லர் என்ற பொருளில் விடை வந்தது. அப்படியாயின் அச்சாமிகள் எங்களுக்கு வேண்டா, எம் பிள்ளைகளுக்குப் பள்ளிகளையும் எம் மக்களுக்குத் தரிசு நிலத்தையும் தாருங்கள் என்று பண்டிதர் வற்புறுத்தினார். கோயிற் கதவு அடைபட்ட இடத்தில் பள்ளிக் கதவைத் தட்டிய அந்த நாளை நம்முடையதைப் போன்ற கல்விச் சங்கங்கள் மறக்கலாகாது.

1898இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று கொழும்பில் பௌத்தம் தழுவினார். திரும்பி வந்து சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். ஓராண்டுக்குப் பின் அது 'தமிழன்' ஆயிற்று. 'புத்தரது ஆதிவேதம்', 'இந்திரர் தேச சரித்திரம்' முதலிய நூல்களை எழுதினார். நம் மக்கள் பண்டைய பௌத்தர்கள். பௌத்தம் வீழ்த்தப்பட்டபோது தாழ்த்தப்பட்டவர்கள் என்பது அவருடைய கொள்கை.

அவ்விதழையும் நூல்களையும் தாங்கி நின்றவர்கள் யார்? கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் உழைத்த தமிழ்ச் சுரங்கத் தொழிலாளர்கள் அவர்களுள் முதன்மையானவர்கள். பண்டிதர் மறைந்து இதழ் நின்றுபோன பின், 1926இல் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் அதை மீண்டும் நடத்தினார். அவ்வூர்ச் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. 2001இல் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்கே உழைத்தோர் காத்த நூல்கள் இன்றும் வாழ்கின்றன. ஒன்றரை ஷிப்டு வேலை முடித்து வந்து நம் படிப்பகத்தில் அமரும் தம்பிமாருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

நூல் எழுதியவர்களோடு, அதைப் படிக்கும் கண்களை உருவாக்கியவர்களையும் நினைவுகூர்தல் கடமை. அருந்ததியர் சமுதாயத்தில் தோன்றிய எல். சி. குருசாமி 1920களில் சென்னை சட்டமன்றத்தில் கல்வி உரிமைக்காக வாதாடினார். உழைப்பாளர் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்தினார்.

விஞ்ஞானப் பேராசிரியரின் பௌத்தம்

பண்டிதரோடு பௌத்தப் பணியில் ஈடுபட்ட மற்றொருவர் பேராசிரியர் பி. லட்சுமி நரசு. சென்னைக் கல்லூரிகளில் விஞ்ஞானம் கற்பித்தவர். 1907இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'பௌத்த சாரம்' உலகம் அறிந்த நூலாயிற்று. அற்புதங்களையும் மூட நம்பிக்கைகளையும் விலக்கி, அறிவுக்கும் அறத்திற்கும் இயைந்த பௌத்தத்தை அவர் எடுத்துரைத்தார். 1948இல் அந்நூலைத் தம் முன்னுரையுடன் மீண்டும் வெளியிட்டவர் எவர் தெரியுமா? அண்ணல் அம்பேத்கரே! சென்னையில் ஒரு பேராசிரியர் எழுதிய நூல் நாற்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின் அண்ணலின் கையால் மறுபிறவி எடுத்தது. நாகபுரிக்குச் சென்ற பாதையில் தமிழகத்தின் சுவடும் உண்டு.

திருப்பூரில் ஓர் அறிவிப்பு, ஈரோட்டில் ஓர் ஏடு

இனி நம் ஊருக்கு வருவோம். 1922ஆம் ஆண்டு தமிழ்நாடு காங்கிரஸ் மாகாண மாநாடு திருப்பூரில் கூடியது. நாடார் முதலிய வகுப்பினரின் கோயில் நுழைவுக்கு ஆதரவாக ஈ. வெ. இராமசாமியார் பேச, சாத்திரங்களைக் காட்டி எதிர்ப்பு எழுந்தது. அந்தச் சாத்திரமே தடையென்றால் மனுதர்மத்தையும் இராமாயணத்தையும் கொளுத்துவேன் என்று அவர் அறிவித்தார். இன்று ஓவர்லாக் இயந்திர ஓசை நிறைந்த இவ்வூரில் நூறாண்டுகளுக்கு முன் எழுந்த அறிவிப்பு இது.

மூன்றாண்டுகள் கழித்து, 1925ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், இங்கிருந்து இரயிலில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ஈரோட்டில் 'குடி அரசு' வார இதழ் பிறந்தது. அதனைத் தொடங்கி வைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியாரடிகள் என்ற சைவத் துறவி. சமயத்தைக் கடுமையாக ஆராயப் போகும் ஓர் ஏட்டை ஒரு மடாதிபதி வாழ்த்தித் தொடங்கினார். கருத்து வேறுபட்டோர் ஒரே மேடையில் அமரும் பண்பு அன்று இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

அவ்வேட்டின் பணி கண்டனத்தோடு நிற்கவில்லை. அறிஞர் சிங்காரவேலர் விஞ்ஞானத்தையும் உலகத் தோற்றத்தையும் பற்றி எளிய தமிழில் எழுதினார். 1927இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இலண்டனில், பிராட்லா தொடங்கிய அதே சங்கத்தார் முன் ஆற்றிய 'நான் ஏன் கிறிஸ்தவன் அல்லன்' என்ற உரையைக் குத்தூசி குருசாமி தமிழாக்கினார். தூக்குமேடை ஏறிய பகத்சிங் சிறையில் எழுதி 1931இல் வெளிவந்த 'நான் ஏன் நாத்திகன்' என்ற கட்டுரையை ப. ஜீவானந்தம் மொழிபெயர்த்தார். அதை மொழிபெயர்த்ததற்காக ஜீவானந்தமும், வெளியிட்டதற்காகப் பெரியாரின் தமையனார் ஈ. வெ. கிருஷ்ணசாமியும் கைது செய்யப்பட்டனர். 1933இல் எழுதிய ஒரு தலையங்கத்திற்காகப் பெரியாரும் அவர் தங்கை கண்ணம்மாளும் சிறை சென்றனர். இன்று நாம் சில ரூபாய் கொடுத்து வாங்கும் சிறு வெளியீடுகளுக்கு அன்று சிலர் தம் விடுதலையை விலையாகக் கொடுத்தனர்.

அண்ணல் கொளுத்தியதும் படித்ததும்

1927ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அத்தீர்மானத்தை முன்மொழிந்தவர் சகஸ்ரபுத்தே என்ற பிராமணர். பகை மனிதரோடு அன்று, நூல் விதித்த அநீதியோடு என்பதை இது காட்டுகிறது.

ஆயின் எரித்ததோடு அண்ணல் அமைதி கொள்ளவில்லை. மனுவையும் வேதங்களையும் புராணங்களையும் அவரளவு ஊன்றிப் படித்தவர்கள் மிகச் சிலரே. 'சூத்திரர் யார்?' (1946), 'தீண்டப்படாதார்' (1948) ஆகிய நூல்கள் அப்படிப்பின் விளைவு. 1936இல் இலாகூர் ஜாத்பாத் தோடக் மண்டலம் அவரைத் தலைமையுரை ஆற்ற அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்தவர்கள், சாத்திரங்களைப் பற்றிய பகுதிகளுக்கு அஞ்சி மாற்றம் கேட்டனர். அவர் மறுத்தார், மாநாடே நின்றது. பேசப்படாத அந்த உரையைத் தம் சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். இரண்டே திங்களில் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. 'குடி அரசு' வழியாக விரைவில் அது தமிழுக்கும் வந்தது.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு அவர் பௌத்தம் தழுவினார். 'புத்தரும் அவர் தம்மமும்' அவர் மறைந்த பின் 1957இல் வெளிவந்தது. ஒன்றை மரபு என்பதற்காகவோ சொன்னவர் பெரியவர் என்பதற்காகவோ ஏற்காமல், ஆராய்ந்து நன்மை கண்டால் ஏற்றுக்கொள் என்று புத்தர் காலாமர்களுக்குக் கூறிய அறிவுரையே அவருடைய சமய ஆராய்ச்சிக்கு அடிப்படை.

ஒரே கேள்வி, பல விடைகள்

பண்டிதரும் லட்சுமி நரசுவும் பௌத்தத்தில் நின்றனர். பெரியார் கடவுள் மறுப்பில் நின்றார். அண்ணல் அரசமைப்புச் சட்டத்தை ஆக்கித் தந்து, பின் தம்மத்தை அடைந்தார். விடைகள் வேறுவேறு, "சான்று என்ன? இதனால் மனிதனுக்கு நன்மை என்ன?" என்ற கேள்வி அனைவர்க்கும் பொது. சமயத்தை ஆராயும் நூல் ஒருவனை நாத்திகனாக்கியே தீரும் என்னும் அச்சம் பொருளற்றது என்பதற்கு இவர்களுடைய வாழ்வே சான்றாகும்.

மற்றொன்றும் கூறியாக வேண்டும். பிறர் நூல்களை ஆராயும் நாம் நம்மவர் நூல்களையும் அவ்வாறே ஆராய வேண்டும். இந்திரர் என்னும் சொல் ஐம்பொறிகளை வென்ற ஐந்திரராகிய புத்தரைக் குறிக்கும் என்பது போன்ற பண்டிதரின் சொல்லாராய்ச்சிகளை வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஏற்பதில்லை. அதனால் அவர் பெருமை குறைந்துவிடாது. 'தீண்டப்படாதார்' நூலின் முன்னுரையில், சான்று கிடைக்காத இடங்களை ஊகத்தால் இணைக்க நேர்ந்ததை அண்ணலே மறைக்காமல் ஒப்புக்கொண்டார். தன் ஆராய்ச்சியின் எல்லையைத் தானே கூறுபவனே உண்மையான ஆராய்ச்சியாளன். தலைவர்களின் படங்களுக்கு மாலையிடும் நாம், அவர்களுடைய நூல்களைத் திறந்து கேள்வி கேட்டுப் படிக்கவில்லையென்றால் அவர்கள் உடைக்க முயன்ற பழக்கத்தையே அவர்கள் பெயரால் வளர்ப்பவர்கள் ஆவோம்.

நூல்களை இழந்த கதை

இத்தனை நூல்கள் இருந்தும் நம் இளமையில் அவை ஏன் நம் கைக்கு எட்டவில்லை? பண்டிதரின் பெயரை நம் பள்ளிப் பாடத்தில் நாம் கேட்டதே இல்லை. 'தமிழன்' இதழ்கள் சில வீடுகளின் பெட்டிகளில் மட்டும் உறங்கின. 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பின்னரே தமிழகம் அவரை மீண்டும் அறிந்தது. 'தத்துவவிவேசினி' எழுத்துகள் பேராசிரியர் வீ. அரசு அவர்களின் முயற்சியால் 2012இல் தொகுதிகளாக வந்தன. நூற்றாண்டுக்கு மேல் அவை மறைந்து கிடந்ததன் காரணம், எவரும் அவற்றை மறுத்து வென்றதன்று. அடுக்கி வைத்துக் காக்க ஒரு படிப்பகம் இல்லாமற் போனதே! பெட்டியில் இதழ்களைப் போற்றி வைத்த அந்தப் பெயரறியாக் குடும்பங்களுக்கு நாம் கடன்பட்டிருக்கின்றோம்.

நம் படிப்பகத்தின் கடமை

செயற்குழுவில் எழுந்த கவலைக்கு இவ்வரலாறு விடை தருகிறது. விவிலியம், திருக்குர்ஆன், கீதை, தம்மபதம், திருக்குறள் ஆகியவை நம் அடுக்கில் இருக்கட்டும். அவற்றின் அருகிலேயே அயோத்திதாசர், அம்பேத்கர், பெரியார், சிங்காரவேலர், ரஸ்ஸல் ஆகியோரின் நூல்களும் இருக்கட்டும். எந்த நூலையும் எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டா. எதையும் எடுக்காதே என்று தடுக்கவும் வேண்டா. அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் உறுப்பு மனச்சான்றின் உரிமையை அனைவர்க்கும் வழங்குகிறது. 1976இல் சேர்க்கப்பட்ட 51அ உறுப்பு, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராயும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது. உரிமையும் கடமையும் ஒரே சட்டத்தில் இணைந்திருக்கும்போது, அவை நம் ஒரே அலமாரியில் இணைந்திருக்கக் கூடாதா?

அந்த மாணவிக்கு நாம் கூறிய விடையோடு இக்கட்டுரையை முடிக்கின்றோம். "படி, அம்மிணி! துணியில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதுதானே உன் வேலை? பார்த்தபின் நல்ல துணி நல்ல துணியாகவே இருக்கும். உன் நம்பிக்கையையும் அப்படியே விரித்துப் பார். பார்த்தபின் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பது உன் உரிமை. வேறு எவரும் அதை உனக்காகச் செய்ய முடியாது" என்றோம். அவள் சிரித்துக்கொண்டே, "அப்படின்னா முதல் புத்தகத்தை நீங்களே எடுத்துக் கொடுங்க ஐயா" என்றாள். நம் வீட்டிலிருந்த அண்ணலின் நூலொன்றைக் கொடுத்தனுப்பினோம். அடுத்த நூலை அவள் நம் படிப்பகத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

உறுப்பினர்களே! வெள்ளி விழாக் காணும் சங்கம் பொன் விழாக் காணும் நாளில், இவ்வூர்ப் பிள்ளை எவரும் கீழே நின்று பாதிச் செய்தி படிக்கும் நிலை இருத்தலாகாது. முழு நூலும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அதனை ஏன் என்று கேட்கும் துணிவும் அவர்கள் நெஞ்சில் இருக்க வேண்டும்.

வளர்க நம் கல்விச் சங்கம்! வெல்க அறிவு!